கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையே

கியர் பாக்ஸ் எஞ்சினோடு சேர்ந்து வண்டியின் உடலில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரமோ ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிறது, மேட்டில் ஏறுகிறது. முன்சக்கரம் என்றால் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். எஞ்சினும் சும்மா இருப்பதில்லை; ரப்பர் மவுண்டிங்கின் மேல் தன் போக்கில் ஆடிக்கொண்டேயிருக்கும். ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் அசையும் இந்த இரு முனைகளுக்கு நடுவே, ஒரு நொடியும் அறுபடாமல் சுழற்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ஒரு தண்டின் தலையில் விழுகிறது. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் அதற்குப் புரப்பல்லர் ஷாஃப்ட் என்று பெயர். முன்சக்கரம் இழுக்கும் காரில் டிரைவ் ஷாஃப்ட் என்கிறோம். பட்டறையில் பலர் ஆக்ஸில் என்றே சொல்லிவிடுவார்கள்.

"ஒரு ராடு, ரெண்டு பக்கமும் ஜாயின்ட், அவ்வளவுதானே சார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான் என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கோணம் மாறினாலும் இந்தத் தண்டு சுழல வேண்டும். தூரம் மாறினால் நீண்டும் குறுகியும் ஈடுகொடுக்க வேண்டும். அதையும் அதிராமல் செய்ய வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் நூற்றிருபது ஆண்டுகளாகக் கண்ட விடைகள்தாம் நம் வண்டிகளுக்கு அடியில் இன்று சுழல்கின்றன. ஒவ்வொரு விடையும் ஏன் அப்படி அமைந்தது என்று தெரிந்துவிட்டால், எது எங்கே பழுதாகும் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

சங்கிலியை விட்டுத் தண்டுக்கு

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் சைக்கிளைப் போலவே சங்கிலிதான் பின்சக்கரத்தை இழுத்தது. அச்சு மேலும் கீழும் போனாலும் சங்கிலி ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆனால் திறந்த சங்கிலி தூசியை வாரிக்கொண்டது, இரைந்தது, அறுந்தது. 1898-இல் பாரிஸில் 21 வயது லூயி ரெனோ தன் சிறு காரில் சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு தண்டை ஓடவிட்டார். மேல் கியரில் எஞ்சினின் சுழற்சி இடைப் பற்சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தண்டுக்குப் போகும் ஏற்பாடும் அதில் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று மோன்மார்த்ர் பகுதியின் லெபிக் தெரு ஏற்றத்தில் அந்தக் கார் ஏறிக் காட்டியது. பார்த்தவர்கள் அன்றிரவே கார் கேட்டார்கள்.

தண்டை வளைத்து ஓட்டும் மூட்டு அதைவிடப் பழையது. வளையத்துக்குள் வளையமாகத் தொங்கவிடும் அமைப்பைப் பற்றி எழுதிய 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஜெரோலாமோ கார்டானோவின் பெயரால் ஐரோப்பாவின் பெரும்பகுதி அதைக் கார்டன் மூட்டு என்கிறது. வானியல் கருவிகளைச் சுழற்றுவதற்காக 1670-களில் அதை விளக்கி எழுதியவர் ராபர்ட் ஹூக். ஆங்கிலேயருக்கு அது ஹூக் மூட்டு. நம் பட்டறைகளுக்கு இருவரும் வேண்டாம். நடுவில் இருக்கும் சிலுவை வடிவ இரும்பைப் பார்த்து, கிராஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். "கிராஸ் போயிருச்சு" என்றால் போதும், எதைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பழைய மூட்டைக் காருக்கு ஏற்றதாக்கிய பெருமை அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசருக்குப் போகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது சங்கிலிக்கு மாற்றாக இதை வடிவமைத்து, 1903-இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டே தயாரிக்கத் தொடங்கினார். அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் டானா ஆனது. லாரி உதிரிபாகக் கடையில் இன்றும் 'ஸ்பைசர்' என்று கேட்டு வாங்குகிறார்களே, அது இவர் பெயர்தான்.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் தண்டு ஒரு குழாய்க்குள் அடைபட்டிருந்தது. சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசையை அந்தக் குழாயே வாங்கிக்கொண்டதால், கியர் பாக்ஸ் பக்கம் ஒரே ஒரு மூட்டு போதுமாயிருந்தது. பிறகு குழாய் போயிற்று. தண்டு திறந்த வெளிக்கு வந்து, இரு முனையிலும் மூட்டு பெற்று, தள்ளுவிசையைப் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளிடம் விட்டுவிட்டது. நம் அம்பாசிடரின் அடியில் கடைசி வரை இருந்தது இந்த ஏற்பாடுதான். லாரிகளின் அடியில் இன்றும் இருக்கிறது.

ஒரு கிராஸ் பொய் சொல்லும்

கிராஸ் மூட்டின் அமைப்பு எளிது. கியர் பாக்ஸ் பக்கம் இரண்டு காது வைத்த ஒரு கவை. அதை யோக் என்பார்கள். தண்டின் பக்கமும் அதேபோல ஒரு யோக். இரண்டையும் செங்குத்தாகப் பிணைப்பது நான்கு கை உள்ள கிராஸ். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கப், கப்புக்குள் ஊசி ஊசியாக நீடில் பேரிங். தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கிராஸ் ஒரு கையிலோ மறு கையிலோ திரும்பி இடம் கொடுக்கிறது.

இந்த மூட்டில் பலரும் அறியாத ஒரு குறை உண்டு. தண்டு சாய்வாக இருக்கும்போது, உள்ளே போகும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே வருவது சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை விரையும், இரண்டு முறை தயங்கும். சாய்வு 10 டிகிரி என்றால், கியர் பாக்ஸ் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஒரே சீராகச் சுற்றும்போது தண்டின் வேகம் 985-க்கும் 1,015-க்கும் இடையே ஊசலாடும். 30 டிகிரி என்றால் 866-லிருந்து 1,155 வரை. மொத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்குள்ளும்தான் இந்தத் துள்ளல். அதை அப்படியே சக்கரத்துக்கு விட்டால் வண்டி உலுக்கித் தள்ளிவிடும்.

இதற்குக் கண்ட தீர்வு எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது: இன்னொரு கிராஸ். முதல் மூட்டு விரையும் நொடியில் இரண்டாவது தயங்கும்படி அமைத்துவிட்டால் இரண்டு தவறும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின் அச்சின் நடுவே சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குப் போகும்போது அது மறுபடி சீராகிவிடும். ஆனால் இது நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். தண்டின் இரு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில், ஒன்றைப் பார்த்தாற்போல் இன்னொன்று நிற்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை நான் கற்றுக்கொண்டது பணம் கொடுத்து. தோட்டத்துக்குப் போய்வர வைத்திருந்த பழைய ஜீப்பில் கிளட்ச் தட்டு மாற்ற வேண்டியிருந்தது. கியர் பாக்ஸை இறக்க வேண்டுமானால் தண்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்து வந்த வண்டி நாற்பதைத் தாண்டினாலே நடுங்கியது. சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்த்தோம், டயரை இடம் மாற்றினோம், எஞ்சின் மவுண்டிங்கை மாற்றினோம். எதுவும் உதவவில்லை. கடைசியில் வேறொரு பட்டறையில் வயதான ஃபிட்டர் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்பு சேரல, தம்பி." தண்டின் நடுவே ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு துண்டுகள் உண்டு. கழற்றும்போது அவை பிரிந்திருக்கின்றன. மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். வட்டத்தில் 16 பல் இருந்தால் ஒரு பல் என்பது இருபத்திரண்டரை டிகிரி. யோக்குகள் அந்த அளவுக்குக் கோணிப்போய், ஒரு மூட்டின் தவறை மற்றது முழுதாகத் திருத்த முடியாமல் போய்விட்டது. இரண்டு துண்டிலும் தொழிற்சாலையிலேயே அம்புக்குறி வெட்டியிருந்தது. அழுக்கைத் துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அம்பு அழிந்திருந்தால் கழற்றுவதற்கு முன் ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டாலே போதும்.

முதல் நிபந்தனையான சமச் சாய்வைக் கெடுப்பது பெரும்பாலும் நாமே. அதிகச் சுமை ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தால் வண்டி உயரும். தண்டின் சாய்வு கூடும். பின் அச்சு இருக்கும் கோணமும் பல சமயம் மாறிவிடும். கிராஸ் அடிக்கடி போகிறது என்று கம்பெனியை மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும்.

சாய்வே இல்லாமல் தண்டை ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதுவும் ஆகாது. சாய்வு இருந்தால்தான் கப்புக்குள் ஊசிகள் முன்னும் பின்னும் உருளும், கிரீஸ் பரவும். நேராக நின்றுவிட்டால் அவை ஒரே இடத்தில் அழுந்தி, கிராஸின் கையில் வரி வரியாகப் பள்ளம் விழுந்துவிடும். அதனால் ஒன்றிரண்டு டிகிரி சாய்வை வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றே வைக்கிறார்கள்.

கியர் பாக்ஸைப் பற்றும் விதங்கள்

பின் அச்சு ஏறி இறங்கும்போது அதற்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தூரம் சற்றே கூடிக் குறையும். தண்டின் நீளம் எங்கே மாறுகிறது என்பதை வைத்துத்தான் அது கியர் பாக்ஸோடு இணையும் விதமும் அமைகிறது.

சிறு வேன்களில் கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டில் நீளவாக்கில் பல்வரிகள் வெட்டியிருக்கும். அவற்றை ஸ்ப்ளைன் என்பார்கள். புரப்பல்லர் ஷாஃப்டின் முன் யோக், உட்புறம் அதே பல்வரிகளோடு, உறைபோல அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். போல்ட்டே கிடையாது. சுழலும்போது பிடித்துக்கொள்ளும்; நீள வேண்டியபோது வழுக்கும். மாருதி ஆம்னியின் அடியில் பார்த்தால் இது தெரியும்: பின்னால் டிஃபரன்ஷியலில் நான்கு போல்ட், முன்னால் வெறும் செருகல். இந்த வழுக்கு யோக்கின் வழவழப்பான வெளிப்புறத்தைச் சுற்றித்தான் கியர் பாக்ஸின் பின் ஆயில் சீல் பிடித்திருக்கிறது. ஆகவே தண்டை உருவினால் கியர் ஆயில் கொட்டும். யோக்கின் மேல் கீறல் விழுந்திருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் சில வாரத்தில் கசியும். சீலைக் குறை சொல்லிப் பயனில்லை, யோக்கை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

லாரி, பஸ், ஜீப் போன்றவற்றில் கியர் பாக்ஸின் முனையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அது ஃபிளாஞ்ச். தண்டின் ஃபிளாஞ்சை அதோடு முகம் சேர்த்து போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். நீளம் மாறும் இடம் இங்கே தண்டின் நடுவில் இருக்கிறது. நான் சொன்ன அம்புக்குறி விவகாரமும் அங்கேதான். ஃபிளாஞ்ச் போல்ட்டுகளுக்குப் பதில் சாதாரண போல்ட்டைப் போடுவதை நம் ஊரில் அடிக்கடி பார்க்கிறேன். கையில் கிடைத்த போல்ட்டை மாட்டி இறுக்கிவிடுகிறார்கள். முறுக்கு முழுவதும் அந்த நாலைந்து போல்ட்டுகளின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. உரிய தரமுள்ள போல்ட்டை, சொன்ன இறுக்கத்தில், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி உண்டு. அதிலிருந்து ஒரு தண்டு பின்னே, ஒரு தண்டு முன்னே. நடு டிஃபரன்ஷியல் இல்லாத பழைய ஜீப்புகளில் இரண்டு தண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. சேற்றிலும் மணலிலும் அந்த வேறுபாட்டைச் சக்கரம் சறுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை; முறுக்கு தண்டுகளிலேயே ஏறி நிற்கும். ஃபோர் வீலை ரோட்டில் போட்டு ஓட்டக் கூடாது என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

நீளமும் நடுக்கமும்

புரப்பல்லர் ஷாஃப்ட் ஏன் உள்ளீடற்ற குழாயாக இருக்கிறது? மூங்கில் ஏன் அப்படியிருக்கிறதோ அதனால்தான். முறுக்கைத் தாங்குவது வெளி ஓரம். நடுவில் இருக்கும் இரும்பு சும்மா எடைதான். 75 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். அதே எடை இரும்பில் கெட்டியான கம்பி செய்தால் 24 மி.மீ. விட்டம்தான் வரும். குழாய் தாங்கும் முறுக்கில் ஆறில் ஒரு பங்கைத்தான் அந்தக் கம்பி தாங்கும்.

நீளம்தான் உண்மையான எதிரி. எந்தத் தண்டும் குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டும்போது, ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் தொடர்ந்து ஓடினால் தண்டு பிழைக்காது. மேலே சொன்ன குழாய் 1 மீட்டர் நீளம் இருந்தால் அந்த ஆபத்து வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,500 சுற்று. ஒன்றரை மீட்டரில் 5,500. 2 மீட்டரில் 3,100-தான். நீளம் இரட்டித்தால் தாங்கும் வேகம் காலாகிவிடுகிறது.

இப்போது சாலைக்கு வருவோம். 60 செ.மீ. விட்டமுள்ள டயர், பின் அச்சில் சுழற்சியைக் குறைக்கும் கிரவுன் பினியனுக்கு நாலுக்கு ஒன்று என்ற விகிதம்: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 880 முறை சுற்றுகிறது, புரப்பல்லர் ஷாஃப்ட் 3,500 முறை. ஆக, அந்தக் குழாயை 2 மீட்டருக்கு ஒரே துண்டாகப் போட்டால் 100-ஐத் தொடும் முன்பே அது தன் ஆபத்து வேகத்தைத் தாண்டியிருக்கும். நீண்ட வண்டிகளில் தண்டை இரண்டாகவும் மூன்றாகவும் வெட்டி, இடையில் சட்டத்திலிருந்து சென்டர் பேரிங்கைத் தொங்கவிடுவது இதற்காகத்தான். ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பேரிங், அவ்வளவே. ஆனால் அந்த ரப்பர் கிழிந்தால் தண்டு மறுபடி நீண்ட தண்டாகிவிடுகிறது.

இந்த வேகத்தில் பத்து கிராம்கூடச் சின்ன எடை இல்லை. குழாயின் ஓரத்தில் ஒரு பக்கம் 10 கிராம் கூடியிருந்தால், 3,500 சுற்றில் அது ஏறக்குறைய 5 கிலோ எடையின் விசையோடு தண்டை வெளிப்பக்கம் இழுக்கும். சுற்றுக்குச் சுற்று திசை மாறி இழுக்கும். தண்டில் அங்கங்கே ஒட்டவைத்த சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பேலன்ஸ் எடைகள். வெல்டிங் வைக்கும்போது துருத்திக்கொண்டிருக்கிறது என்று அதைத் தட்டி எடுத்துவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். நசுங்கிய தண்டை நிமிர்த்தினாலும் குழாயை வெட்டி ஒட்டினாலும் பேலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றாமல் வண்டியில் மாட்டக் கூடாது.

முன்சக்கரம் இழுக்கத் தொடங்கியபோது

முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். முழுதாக ஒடித்துத் திருப்பும்போது அங்கே கோணம் 40 டிகிரிக்கு மேலும் போகலாம். கிராஸ் மூட்டை அங்கே வைத்தால் என்ன ஆகும் என்பதை மேலே கண்ட எண்களே சொல்லிவிடும். எந்தக் கோணத்திலும் உள்ளே போகும் வேகமே வெளியே வரும் மூட்டு ஒன்று தேவைப்பட்டது. 1920-களில் பிரான்சில் ழான் அல்பேர் கிரெகுவாரும் பியேர் ஃபெனையும் டிராக்டா மூட்டைக் கொண்டுவந்தார்கள். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் ரெஸெப்பா உருவாக்கியதே நிலைத்தது. ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு குமிழ், இரண்டிலும் வெட்டிய வளைந்த பாத்திகளில் ஆறு எஃகு குண்டுகள், குண்டுகளைத் தாங்கும் கூண்டு. தண்டு எந்தக் கோணத்தில் நின்றாலும் ஆறு குண்டுகளும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்தில் வந்து நின்றுகொள்ளும். பாதியில் நிற்பதால் இரு பக்கமும் சமம். வேகம் மாற வழியில்லை. இயந்திரவியலில் இவ்வளவு அழகான தீர்வுகள் குறைவு என்பது என் கருத்து. நம் ஊரில் இதன் பெயர் சி.வி. ஜாயின்ட்.

1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் இந்த வகை மூட்டின் தோளில்தான் ஏறி வந்தது. எஞ்சினைக் குறுக்கே வைத்து, முன்சக்கரத்தை இழுக்கவிட்டு, 3.05 மீட்டர் நீளக் காரில் நான்கு பேரை உட்காரவைத்தார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதே ஏற்பாட்டை நம் தெருக்களுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் கால் வைக்கும் இடத்தில் மேடாக எழும்பி நின்ற சுரங்கம், மாருதியில் அவ்வளவு தேவைப்படவில்லை. அதற்குள் ஓடத் தண்டு இல்லை.

இங்கே கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் இரண்டு குட்டைத் தண்டுகள் புறப்படுகின்றன. உள் முனையின் பல்வரி டிஃபரன்ஷியலின் பக்கப் பற்சக்கரத்துக்குள் செருகி, ஒரு சின்ன வளைய கிளிப்பால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. அந்த முனையில் இருப்பது பெரும்பாலும் மூன்று உருளை வைத்த டிரைபாட் மூட்டு. நீளம் மாறும்போது உருளைகள் உள்ளே வெளியே ஓடி ஈடுகொடுக்கும். வெளி முனையில் ஆறு குண்டு மூட்டு, சக்கரத்தின் ஹப்புக்குள் பல்வரியால் புகுந்து, பெரிய நட்டு ஒன்றால் இறுகியிருக்கும். இதைக் கழற்றும்போது தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே உருளைகள் கழன்று விழும்; கிளிப் பிடித்தபடியே இருக்கும். கியர் பாக்ஸ் ஓரத்தில் மூட்டின் கூட்டுக்கு நெம்புகோல் கொடுத்து நெம்ப வேண்டும். அதற்கு முன் ஆயிலை இறக்கிவிட வேண்டும். மாட்டும்போது புதுக் கிளிப், புது நட்டு. சீலையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது.

இந்தக் குட்டைத் தண்டு பெரும்பாலும் கெட்டிக் கம்பி. குழாயின் பெருமையை இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். 100 கி.மீ. வேகத்தில் இது சக்கரத்தோடு சேர்ந்து 880 சுற்றுதான் சுற்றுகிறது; நீளமும் குறைவு; வில்லாக வளையும் பயம் இல்லை. இடமும் நெருக்கடி. ஆனால் முறுக்கு கடுமையானது. எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் கொடுத்து, முதல் கியர் அதை மூன்றரை மடங்காக்கி, இறுதிப் பற்சக்கரம் நாலு மடங்காக்கினால், ஒவ்வொரு தண்டுக்கும் 700 வந்து சேரும். பின்சக்கர வண்டியின் புரப்பல்லர் ஷாஃப்டுக்கு அதே நேரத்தில் 350-தான்.

மின்சாரக் கார் வந்தால் இதெல்லாம் போய்விடுமா என்று கேட்கிறார்கள். நீண்ட புரப்பல்லர் ஷாஃப்ட் போகும். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் குட்டைத் தண்டுகள் இருக்கும். மிதித்த நொடியே மின்மோட்டார் முழு முறுக்கையும் கொடுப்பதால் அவற்றின் வேலை குறையப்போவதில்லை.

வண்டி சொல்லும் சேதி

இந்தத் தண்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் போவது அரிது. முன்சக்கரக் காரை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால் வெளி மூட்டு. நேராகப் போய்க்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் உள் மூட்டு. பின்சக்கர வண்டியில் முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டங்' என்று இடித்தால் கிராஸைப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் கீச்சிட்டால் ஊசிகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டன. வண்டி வேகத்தோடு நடுக்கமும் ஏறி, அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் தொடர்ந்தால், எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். சக்கரத்திலோ தண்டிலோதான் குறை.

இவற்றில் பாதி வராமலே தடுக்கலாம். கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கும் வரை கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். சி.வி. ஜாயின்டுக்கு நிப்பிள் கிடையாது. உள்ளே அடைத்த கருப்பு கிரீஸ்தான் அதன் ஆயுள். அதைக் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் பூட். பூட்டில் வெடிப்பு கண்ட அன்றே மாற்றினால் செலவு பூட்டும் கிரீஸும் கூலியும். விட்டுவிட்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய், மூட்டையே மாற்ற வேண்டிவரும். ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று பொருள். இதைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம், டார்ச் போதும்.

மலைப்பாதையில் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு பக்கத்து டிரைவ் ஷாஃப்ட் முறிந்தாலோ கழன்றாலோ, கியரில் போட்டு நிறுத்துவது வண்டியைப் பிடிக்காது. டிஃபரன்ஷியல் முறிந்த பக்கத்தைச் சும்மா சுற்றவிட்டுவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் முனையில் தண்டையே பிடிப்பது. அங்கே தண்டு போனால் ஹேண்ட் பிரேக்கும் போனதுதான். கட்டை மட்டுமே துணை.

வயலில் சுழலும் தண்டு

கடைசியாக ஒரு தண்டைச் சொல்ல வேண்டும். காருக்கு அடியில் மறைந்திருக்காமல், ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்தவெளியில் சுழல்வது அது. டிராக்டரின் பின்னால், எஞ்சினின் சக்தியை வெளியே எடுக்கும் பி.டி.ஓ. முனையிலிருந்து ரோட்டவேட்டருக்கும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் போகும் தண்டு. இதுவும் கியர் பாக்ஸில் பிறப்பதுதான். அதே பல்வரிச் செருகல், அதே இரண்டு கிராஸ், நடுவில் அதே வழுக்குத் துண்டு, அதே யோக் விதி. வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கேட்கக் குறைவாகத் தெரியும். நொடிக்கு ஒன்பது சுற்று அது. பத்து செ.மீ. தடிமனுள்ள தண்டில் வேட்டி நுனியோ முந்தானையோ சிக்கினால், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். கையை உதறி விலக மனிதனுக்கு அந்த நேரம் போதாது.

இதற்காகவே தண்டின் மேல் பிளாஸ்டிக் காப்புக் குழாய் போட்டுத் தருகிறார்கள். உள்ளே தண்டு சுழல, குழாய் சங்கிலியால் கட்டுண்டு அசையாமல் நிற்கும். வயலில் நான் பார்க்கும் டிராக்டர்கள் பலவற்றில் அந்தக் குழாய் உடைந்து போயிருக்கிறது, அல்லது கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி ஷெட்டில் போட்டிருக்கிறது. டிராக்டர் வைத்திருப்பவர்களும் வாடகைக்கு ஓட்டுபவர்களும் இதைப் படித்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: காப்புக் குழாய் இல்லாத தண்டை மாட்டாதீர்கள். சிக்கிய வைக்கோலை எடுக்கவோ கிரீஸ் அடிக்கவோ போகும்போது பி.டி.ஓ. நெம்புகோலை விலக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்டு முழுதாக நின்ற பிறகு கிட்டே போங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.